முப்பத்திரண்டாவது டல்லிவர்

மெர்வின் ஸ்டாட்னிக் ஓடிக்கொண்டிருந்தார்.

எழுபத்தொரு வயதில், மைனஸ் முப்பத்தொரு டிகிரி குளிரில், வண்டிகள் அழுத்தி அழுத்திக் கண்ணாடியாக்கிவிட்ட பனியின் மேல் யாரும் ஓடக்கூடாது. எல்ம்ஸ்டோன் ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். மெர்வினுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். முப்பத்தாறு வருடம் அந்த வட்டாரத்துச் சாலைகளில் கிரேடர் வண்டி ஓட்டிப் பனியை வழித்துத் தள்ளியவர். இருந்தும் ஓடினார். நூலகம் சனிக்கிழமைகளில் மதியம் ஒரு மணிக்குச் சாத்தப்படும். கைக்கடிகாரம் பன்னிரண்டு ஐம்பத்தாறு என்றது.

கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். நாற்பது வருடமாக இழுத்துத் திறந்துவந்த கதவு அது என்பது மூன்றாவது தள்ளலுக்குப் பிறகுதான் நினைவு வந்தது.

“வந்திருச்சாமே” என்றார், மூச்சு வாங்க.

கவுன்ட்டருக்குப் பின்னால் ஜோலீன் நிமிர்ந்தாள். அவரைவிட ஏழு வயது இளையவள். அவருடைய தங்கையோடு பள்ளியில் படித்தவள். இருபத்தாறு வருடமாக அதே கவுன்ட்டர்.

“போன்ல நான்தானே சொன்னேன். அதுக்காக இப்படியா ஓடி வருவே? வழுக்கி விழுந்து இடுப்பு போச்சுன்னா உன்னை யாரு தூக்கறது, நானா?”

அவளுக்குப் பின்னால் முன்பதிவுத் தட்டில், பச்சைச் சீட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நின்றது அந்தப் புத்தகம். எம். கே. டல்லிவரின் முப்பத்திரண்டாவது துப்பறியும் நாவல். தேனீ வளர்க்கும் போலீஸ்காரர் சார்ஜென்ட் பெல்லமி துப்பறிகிற வரிசையில் இதுதான் கடைசி என்று பதிப்பகம் அறிவித்துவிட்டது. டல்லிவர் இனி எழுதப்போவதில்லை. முந்தைய முப்பத்தொன்றையும் மெர்வின் படித்திருந்தார். வருடத்துக்கு ஒரு முறை, முதலிலிருந்து, வரிசை மாறாமல்.

ஜோலீன் அவருடைய அட்டையை ஸ்கேனரில் காட்டினாள். வழக்கமாக அது ஒரு தடவை ‘பீப்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இன்று மூன்று தடவை, வயிற்றுவலிக்காரன்போல முனகியது. திரை சிவந்தது.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ‘வாசகர் தேக்க நிலையில் உள்ளார். புத்தகம் வழங்க வேண்டாம். வாசகரைப் பதற்றப்படுத்த வேண்டாம்’ என்று எழுதியிருந்தது.

“பதட்டப்படாதே மெர்வ்” என்றாள் ஜோலீன்.

உள்ளறைக் கதவு திறந்தது. பிராந்திய நூலக வாரியத்தின் இயக்குநர் கார்லோட்டா ஃபென்விக் வெளியே வந்தார். டொராண்டோவில் படித்துவிட்டு, சஸ்காட்செவன் மாநிலத்துச் சிற்றூர்களின் வாசிப்பைச் சீர்திருத்துவதற்காகவே சமவெளிக்கு வந்து சேர்ந்தவர். மூக்குக் கண்ணாடியை ஒரு சங்கிலியிலும் பதவி அட்டையை இன்னொரு சங்கிலியிலும் மாட்டியிருந்தார். வாசிப்பு விரிவாக்கத் திட்டத்துக்கு எல்ம்ஸ்டோன்தான் முன்னோடிக் கிளை என்றும், நவம்பரிலேயே எல்லோருக்கும் கடிதம் அனுப்பியாயிற்று என்றும் சொன்னார். கடிதம் வந்தது மெர்வினுக்கு நினைவிருந்தது. சமையலறை ஜன்னல் இடுக்கில் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. கடிதத்தை நாலாக மடித்துச் செருகினார். நன்றாகவே அடைத்தது.

“உங்களைத் தண்டிக்கறதுக்கு இல்ல மிஸ்டர் ஸ்டாட்னிக்” என்றார் கார்லோட்டா. “உங்களை விடுதலை பண்றதுக்கு. ஆறு வருஷத்துல நூத்தி எண்பத்தாறு புத்தகம் எடுத்திருக்கீங்க. நூத்தி எண்பத்தாறும் ஒரே ஆளோடது. வேற ஒருத்தரைக்கூட நீங்க தொடல.”

மெர்வின் யோசித்தார். தொட்டிருக்கிறார். வீட்டு ஹீட்டரைப் பழுதுபார்ப்பது எப்படி என்று ஒரு புத்தகம் எடுத்தது உண்டு. அதைச் சொன்னார்.

“அதை எத்தனை தடவை எடுத்தீங்க?”

“ரெண்டு. ஹீட்டர் ரெண்டு தடவை கெட்டுப்போச்சு.”

கார்லோட்டா அதையும் மறுவாசிப்பு என்று குறித்துக்கொண்டார். பிறகு, திட்டம் தொடங்கிய நாளிலிருந்து எல்லோரையும் கேட்டுவரும் கேள்வியைக் கேட்டார். ஏன் ஒரே எழுத்தாளரைத் திரும்பத் திரும்ப?

“நல்லா இருக்கும்” என்றார் மெர்வின், தரையைப் பார்த்துக்கொண்டு.

“அது பதில் இல்ல. அது ஒரு உணர்ச்சி.”

விதிகள் தெளிவாக இருந்தன. தேக்க வாசகர் முதலில் ஆலோசனை பெற வேண்டும். பிறகு பரிந்துரைக்கப்படும் மூன்று புத்தகங்களைப் படித்துத் தேர்வு கொடுக்க வேண்டும். அதற்கும் பிறகு வாரியத்தின் விசாரணை. முன்பதிவுப் புத்தகம் தட்டில் ஏழு நாள் காத்திருக்கும். அடுத்த சனிக்கிழமை ஒரு மணி அடித்தால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அவருக்குப் பிறகு இன்னும் பதினான்கு பேர். ஆளுக்கு மூன்று வாரம். மெர்வின் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அடுத்த குளிர்காலம் வந்துவிடும். அவருடைய இதயத்தைப் பார்க்கிற டாக்டர் அடுத்த குளிர்காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கொஞ்சம் இருமிக்கொள்வார்.

கடையில் வாங்கிவிடலாமே என்று ஜோலீன் அன்றைக்கே கேட்டாள். நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளித்தான் புத்தகக் கடை என்றாலும், தபாலில் வரவழைக்கலாம். மெர்வின் தலையசைத்து மறுத்தார். டல்லிவரை இரவல் வாங்கித்தான் படிப்பார். காசு கொடுத்து வாங்க மாட்டார். அது கொள்கை. என்ன கொள்கை என்று அவள் கேட்டதற்கு, குளிர்கிறது, டிரக் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

திங்கட்கிழமை காலை ஆலோசனை. நூலகத்தில் கதவுள்ள அறை இரண்டே இரண்டு. ஒன்று கழிப்பறை, மற்றது இயக்குநருடையது. ஆகவே குழந்தைகள் பகுதியில் நடந்தது. ஒன்பது அங்குல உயர நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க, மெர்வின் உட்கார்ந்திருந்தார். சுவர்ப் படத்தில் எழுத்துகளைச் சுமந்துகொண்டு ஒரு கம்பளிப்பூச்சி போய்க்கொண்டிருந்தது.

ஆலோசகர் உள்ளே வந்தார். கார்லோட்டாதான். ஆள் பற்றாக்குறை. கழுத்து அட்டைகளை முன்பின்னாக மாற்றிப் போட்டிருந்தார். ‘இயக்குநர்’ உள்பக்கம் போய், ‘வாசிப்பு ஆலோசகர்’ வெளிப்பக்கம் வந்திருந்தது. மெர்வின் வணக்கம் சொன்னபோது முதல் தடவை பார்ப்பவர்போல் கைகுலுக்கினார்.

“இயக்குநர் உங்களைப் பத்தி எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்காங்க” என்றார். “கொஞ்சம் கடுமையாவே எழுதியிருக்காங்க. அதை நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்.”

மெர்வின் நன்றி சொன்னார்.

பதினொரு பக்கப் படிவம் ஒன்று இருந்தது. ‘முதல் வாசிப்பில் நீங்கள் பெறத் தவறியது என்ன?’ என்பது முதல் கேள்வி. ‘இரண்டாவது வாசிப்பில் கொலையாளி மாறினாரா?’ என்பது இரண்டாவது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனியாக விடை எழுத வேண்டும். மெர்வின் முப்பத்தொரு தடவை ‘இல்லை’ என்று எழுதினார். இருபத்திரண்டாவதில் மட்டும் சற்று யோசித்தார். அதில் கொலையாளி இரட்டையர்களில் ஒருவர்.

பிறகு வண்ணப் பென்சில்கள் வந்தன. தனக்கும் எழுத்தாளருக்கும் உள்ள உறவைப் படமாக வரைய வேண்டும். மெர்வின் நெடுநேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பை எடுத்தார், வைத்தார். கடைசியில் மஞ்சளில் ஒரு கிரேடர் வண்டியை வரைந்தார். சக்கரங்கள் நன்றாக வந்திருந்தன.

கார்லோட்டா தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். இது மிக முக்கியமான படம் என்றார். வாழ்க்கையில் மேடு பள்ளமே வேண்டாம், எல்லாவற்றையும் வழித்துச் சமமாக்கிவிட வேண்டும் என்கிற ஏக்கம் இதில் தெரிகிறது என்றார்.

“அது என் வேலைங்க. சம்பளம் குடுத்தாங்க” என்றார் மெர்வின்.

“அப்படித்தான் எல்லாரும் முதல்ல சொல்லுவாங்க.”

மறுபடி அதே கேள்வி. ஏன் திரும்பத் திரும்ப? பதில் என்னவானாலும் இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று உறுதி கூறினார். அறையின் மறுபக்கம் ஜோலீன் புத்தகம் அடுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெர்வின் கம்பளிப்பூச்சியைப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது.

‘மறுக்கிறார்’ என்று எழுதிக்கொண்டார் ஆலோசகர். அதன் நகல் இயக்குநருக்குப் போகும் என்றும், இயக்குநர் கோபித்துக்கொள்வார் என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

*

பரிந்துரை உடனே கிடைத்தது. மூன்று எழுத்தாளர்கள், மூன்று புத்தகங்கள். முதலாவது, கலங்கரை விளக்கம் ஒன்றில் வாழும் குடும்பத்தின் கதை. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தில் இறங்கும் பனிமூட்டம் அறுநூறாவது பக்கத்தில் விலகும். இரண்டாவது, நிறுத்தற்குறியே இல்லாமல் எழுதப்பட்ட நாவல். மூன்றாவது, மணமுறிவுக்குப் பிறகு ஒரு பெண்மணி தன் தோட்டத்துச் சுவரில் படர்ந்த பாசியோடு நட்பான அனுபவம்.

மெர்வின் மூன்று நாளில் மூன்றையும் முடித்தார். முப்பத்தாறு வருடம் வெள்ளைச் சாலையைப் பார்த்து வண்டி ஓட்டியவருக்கு எந்தப் புத்தகமும் பெரிதாகச் சலிப்புத் தட்டாது. ஜோலீன்தான் தவித்துப்போனாள். இரண்டு தடவை பெரோகி கொழுக்கட்டை செய்து கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு தடவை, அந்தப் பச்சைச் சீட்டுக்காரனை நான் என் கோட்டுக்குள்ள வெச்சுக் கொண்டுவந்து குடுத்துடறேன் என்றுகூடச் சொன்னாள். மெர்வின் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்க முடியாது என்றார். வேறு எதை வேண்டுமானாலும் அப்படிப் படிக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தேர்வாளர் வந்தார். கழுத்தில் இப்போது மூன்றாவது அட்டை. ஆலோசகரின் குறிப்புகள் மிகவும் இளகிய மனத்தோடு எழுதப்பட்டிருப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

கலங்கரை விளக்கக் கதை உங்களை எந்த இடத்தில் கலங்கடித்தது என்று கேட்டார். நாற்பது வருடமாக யாரும் அந்தக் கோபுரத்துக்குச் சாயம் அடிக்காதது கஷ்டமாக இருந்தது என்றார் மெர்வின். நிறுத்தற்குறி இல்லாத நாவல் எப்படி இருந்தது? பரவாயில்லை, மனுஷர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்றார். தேர்வாளர் இரண்டுக்கும் அரை மதிப்பெண் போட்டார். மூன்றாவதற்கு வந்தார்கள்.

பாசி பிடித்திருந்ததா?

மெர்வினின் முகம் மலர்ந்தது. ரொம்பப் பிடித்திருந்தது என்றார். அந்த அம்மாள் தினம் காலையில் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பது, பாசிக்குப் பெயர் வைக்காமலே விடுவது, எல்லாம் பிடித்திருந்தது. கார்லோட்டாவின் பேனா வேகமாக ஓடியது. ஆறு நாள் உழைப்பு பலித்துவிட்டது என்கிற பெருமிதம் அவர் கண்ணாடியில் ஏறி மின்னியது.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றார் மெர்வின்.

“தாராளமா.”

“அந்தம்மாவோடது வேற ஏதாவது இருக்கா?”

பேனா நின்றது. தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நோய் மறுபடி தாக்கியிருக்கிறது என்று அறிக்கையில் எழுதப்பட்டது. இந்த முறை புதிய உறுப்பில்.

*

வெள்ளிக்கிழமை, விசாரணைக்கான சான்றுகள் திரட்டப்பட்டன. அதாவது, டல்லிவரின் முப்பத்தொரு புத்தகங்களும் அலமாரியிலிருந்து இறக்கி நீள மேஜையில் பரப்பப்பட்டன. மெர்வினின் சார்புநிலை எத்தனை ஆழமானது என்பதைப் பக்கங்களின் தேய்மானத்திலிருந்து அளப்பதாகத் திட்டம். அதற்கென ஒரு அளவுகோலும் வரவழைத்திருந்தார் கார்லோட்டா. அப்போதுதான் பத்தொன்பதாம் பக்கம் அகப்பட்டது.

ஒவ்வொரு புத்தகத்திலும் பத்தொன்பதாம் பக்கத்தின் கீழ்மூலையில் பென்சில் குறிகள். நட்சத்திரம், மீன், சிலுவை, பூனைக் காது, ஒரு கர்லிங் கல். பனிச் சறுக்குத் தரையில் தள்ளிவிட்டு விளையாடும் கைப்பிடி வைத்த அந்தக் கல்லேதான், பொடியாக வரையப்பட்டிருந்தது. சில புத்தகங்களில் இருபது குறிகள்கூட இருந்தன.

கார்லோட்டா நடுங்கிப்போனார். இது தனிமனிதக் கோளாறு அல்ல, ஒரு வலைப்பின்னல் என்று தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பினார். குறிகளைப் படம் பிடித்துப் பெரிதாக்கி, ‘இவற்றை அடையாளம் காட்டுபவரின் பெயர் ரகசியமாக வைக்கப்படும்’ என்று கூட்டுறவுக் கடையிலும் தபாலாபீஸிலும் ஒட்டினார். ஊரே வந்து பார்த்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. தேவாலயத்துப் பாதிரியார் மீன் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்று, பருவநிலை பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

வெளியாளுக்கு அது புரிய நியாயமில்லை. எல்ம்ஸ்டோனில் குளிர்காலம் ஆறு மாதம். நூலகத்தில் புத்தகங்கள் கொஞ்சம். ஞாபகம் அதைவிடக் கொஞ்சம். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்ததும் அவரவர் குறியைப் பத்தொன்பதாம் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் அதையே கையில் எடுத்தால், முதலில் பத்தொன்பதைப் புரட்டிப் பார்ப்பார்கள். குறி இருந்தால், ‘ஓ, இது ஆயிடுச்சு’ என்று வைத்துவிடுவார்கள். அல்லது, நல்ல கதை என்று நினைவிருந்தால், இன்னொரு குறி போட்டுக்கொண்டு மறுபடி எடுப்பார்கள். அம்மா பாலோடு ஊட்டிவிட்ட பழக்கம். பேச வேண்டிய விஷயம் என்றே யாருக்கும் தோன்றியதில்லை.

இதில் மெர்வினின் குறி எது என்று ஜோலீனைக் கேட்டார் கார்லோட்டா.

“மெர்வ் குறி போடறதில்லைங்க. படிச்சதுதான்னு அவனுக்குத் தெரியுமே. தெரிஞ்சுதான் எடுக்கறான்.”

‘தடயம் விட்டுச்செல்வதில்லை’ என்று எழுதிக்கொண்டார் கார்லோட்டா.

*

சனிக்கிழமை பத்து மணிக்கு, கர்லிங் மைதானத்து மாடி அறையில் விசாரணை. கீழே பனித் தரையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கல்லோடு கல் மோதும் சத்தம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. பெர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட ‘பை’ என்கிற பலகாரம் தரப்படும் என்று அறிவித்திருந்ததால் ஊரில் நாற்பது பேர் வந்திருந்தார்கள்.

வாரியத் தலைவர் கோர்டன் பிக்கர்ஸ்கில். உள்ளூரில் விவசாய இயந்திரங்கள் விற்பவர். திட்டத்தின் ‘விரிந்த வாசகர்’ பதக்கத்தைப் பெற்ற முதல் ஆள். இதுவரை ஒரே ஆளும்கூட. வரவேற்பு, கொள்கை விளக்கம், கொள்கை விளக்கத்துக்கு விளக்கம் என்று பதினொன்றே முக்கால்வரை பேசிக்கொண்டே இருந்தார். மெர்வின் முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தெரு தள்ளி, பூட்டிய நூலகத்தில், பச்சைச் சீட்டுக்கு இன்னும் எழுபத்தைந்து நிமிட ஆயுள் இருந்தது.

“பதினோரு வருஷமா வாரத்துக்கு ஒரு புது எழுத்தாளர்” என்றார் தலைவர். “ஐந்நூத்தி எழுபத்திரண்டு பேர் ஆயாச்சு. ஒருத்தர் பேராவது இப்ப ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. கிடையாது. அதுதான் நிஜமான வாசிப்பு. மனசு எதுலயும் ஒட்டிக்கக் கூடாது.”

இரண்டு பேர் கைதட்டினார்கள். அடுத்து கார்லோட்டா எழுந்தார். கழுத்தில் மூன்று அட்டைகளும் வரிசையாகத் தொங்கின. இயக்குநர், ஆலோசகர், தேர்வாளர் மூவரும் இந்த விஷயத்தில் ஒருமனதாக இருப்பது அபூர்வம் என்றார். தன் நடுநிலையைப் பற்றியும் சொல்லிக்கொள்ள விரும்பினார்.

“இந்தப் பதவிக்கு வந்ததுலேருந்து எனக்குப் படிக்கவே நேரம் கிடைச்சதில்ல. அதனால எந்த எழுத்தாளர் மேலயும் எனக்குப் பாரபட்சம் கிடையாது.”

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. தேக்க நிலை என்றால் என்ன, அது எப்படிக் குடும்பங்களையும் தேசத்தையும் அரிக்கும் என்று ஒரு வரைபடம் காட்டப்பட்டது. பிறகு சான்றுகள் மேடைக்கு வந்தன. இரண்டு அட்டைப் பெட்டிகள். கார்லோட்டா முதல் பெட்டியைத் திறந்து, பதினான்காவது டல்லிவரை எடுத்துத் தலைவரின் கையில் கொடுத்தார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே புத்தகத்தை வாங்கினார். கட்டைவிரலை நாக்கில் தொட்டார். நேராகப் பத்தொன்பதாம் பக்கத்தைப் புரட்டினார். கீழ்மூலையில் ஒரு பார்வை.

“இது ஆயிடுச்சு” என்று முணுமுணுத்து, ஓரமாக வைத்துவிட்டு, அடுத்ததற்குக் கை நீட்டினார்.

கார்லோட்டா அடுத்ததைக் கொடுத்தார். பத்தொன்பது. “ஆயிடுச்சு.” அடுத்தது. “இது ரெண்டு தடவை.” அடுத்தது. “ஆங், இது அந்த ரெட்டைப் பசங்க கதை, அருமையா இருக்கும்.”

ஐந்தாவது புத்தகத்துக்கு நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. நாற்பது பேரும் பை தின்பதை நிறுத்தியிருந்தார்கள். கீழே ஒரு கல் இன்னொரு கல்லை இடித்தது. தலைவரின் சட்டைப் பையில், கர்லிங் சங்கத்தின் சின்னம், கைப்பிடி வைத்த ஒரு சிறிய கல், சிவப்பு நூலில் தைக்கப்பட்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஜோலீன் கையைத் தூக்கினாள். தனக்கு ஒரு சந்தேகம் என்றாள். மெர்வ் கேட்பது புதிதாக வந்த புத்தகம். அதை அவன் இன்னும் படிக்கவே இல்லை. படிக்காத புத்தகம் எப்படி மறுவாசிப்பாகும்?

கார்லோட்டா, கணினி எழுத்தாளரின் பெயரை வைத்துத்தான் கணக்கிடும், புத்தகம் எது என்று அது பார்ப்பதில்லை என்று தொடங்கினார். தலைவர் அவரை முடிக்க விடவில்லை. மேஜையைத் தட்டினார். வேர்த்திருந்தது.

“வாரியம் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டுபிடிச்சிருக்கு” என்றார். “புதுப் புத்தகம் புதுசு. தீர்மானமா எழுதிக்கோங்க. எதிர்க்கறவங்க யாராவது உண்டா? இல்ல. நிறைவேறிடுச்சு. எல்லாரும் பை சாப்பிடுங்க.”

மணி பன்னிரண்டு நாற்பத்தொன்பது. மெர்வின் ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தார். தலைவர் வாசல்வரை ஓடிவந்து அவர் காதருகில் குனிந்து, படித்து முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டார். வரிசையில் அடுத்த ஆள் அவர்தான்.

*

ஜோலீன் பன்னிரண்டு ஐம்பத்தேழுக்கு நூலகத்தைத் திறந்து, ஸ்கேனரைக் கேட்காமல், கையாலேயே ஏட்டில் எழுதிப் புத்தகத்தைக் கொடுத்தாள். மெர்வின் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். முப்பத்தொரு சான்றுகளையும் பெட்டிகளில் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கி, விளக்கை அணைத்து அவள் வெளியே வரும்போது மணி இரண்டரை. மெர்வினின் டிரக் இன்னும் நூலக வாசலிலேயே நின்றது. உள்ளே என்ஜின் சூட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணாடியைத் தட்டிவிட்டு, மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

“வீடு வரைக்கும்கூடப் பொறுக்கலியா உனக்கு? சரி, இதுல யாரு சாவறாங்க?”

“ஒரு பல் டாக்டர்” என்றார் மெர்வின். “ரெண்டாம் பக்கத்துல. எனக்குச் சம்பந்தமே இல்லாத ஆளு.”

“உனக்கு எதுக்குய்யா சம்பந்தம் இருக்கணும்?”

மெர்வின் புத்தகத்தில் விரலை வைத்து மூடினார். ஒரு வாரமாக மூன்று அதிகாரிகள் கேட்டும் சொல்லாததை, முன்கண்ணாடியில் படிந்த உறைபனியைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். முதல் புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒரு கிரேடர் ஓட்டுநர் செத்துப்போகிறான். இடது தோள் தாழ்ந்திருக்கும். மெல்லும்போது தனக்குத் தெரியாமல் முனகுவான். குடித்த கோப்பையைக் கழுவாமல் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பான். இரண்டாவது புத்தகத்தில் அவன் மருந்துக் கடைக்காரன். தோள் அதே தோள். விஷம். மூன்றாவதில் பாதிரியார், கிணறு. ஏழாவதில் புதைத்ததைத் தோண்டி எடுத்து மறுபடி ஒரு தடவை.

“முப்பத்தொண்ணுலயும் முதல் பொணம் நான்தான் ஜோலீன்.”

ஜோலீன் சிரிக்கப் போனாள். அவருடைய இடது தோளைப் பார்த்தாள். முன்கண்ணாடிக்குக் கீழே வரிசையாக நின்ற மூன்று அழுக்குக் காபிக் கோப்பைகளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“பதினேழு வரைக்கும் ரொம்பக் கொடூரம்” என்றார் மெர்வின். “பதினெட்டுல தூக்கத்துலயே போயிட்டேன். இருபத்தஞ்சுல எனக்காக ஒரு ஆளு அழுதுச்சு. வரிசையா முதல்லேருந்து படிச்சாத்தான் தெரியும், கோபம் எங்க எறங்குதுன்னு. நடுவுல ஒண்ணை விட்டாலும் பிடிபடாது.”

“அந்த டல்லிவருக்கு உன்னை எப்படித் தெரியும்? இந்தப் பக்கமே வந்ததில்லையே அந்த ஆளு.”

“வந்ததில்லையா? எண்பத்தொண்ணுல, நாம உக்காந்திருக்கோமே, இதே தெருவுலதான் பஸ் ஏறிப் போனா. ஒரு கையில பெட்டி, ஒரு கையில டைப்ரைட்டர். மார்லீன். டல்லிவர்ங்கறது அவ வெச்சுக்கிட்ட பேரு. நாலு வருஷம் எனக்குப் பொண்டாட்டியா இருந்தவ.”

ஜோலீன் கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். கடைசியில், இந்தப் புத்தகத்தில் நீ வரவே இல்லையா என்று கேட்டாள்.

“வந்துட்டேன். அறுபத்திரண்டாம் பக்கம். உசுரோட, கதவைத் தட்டிட்டு.” மெர்வின் புத்தகத்தை மறுபடி திறந்து, அந்தப் பக்கத்தை விரலால் நீவினார். “உள்ள கூப்பிட்டு, உக்கார வெச்சு, காபி ஊத்திக் குடுத்திருக்கா. குடிக்கலாமா வேண்டாமான்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்.”